உலக அதிசயம் என்று எதைச் சொல்லலாம்? 2007 பட்டியலை மறுபடி பார்ப்போம்

மலைமுகடு எழுதியது:

பொது அறிவுப் புத்தகம் எதை எடுத்தாலும் இப்போது இந்த ஏழுதான் இருக்கின்றன: சீனப் பெருஞ்சுவர், பெட்ரா, ரியோவின் மீட்பர் கிறிஸ்து சிலை, மச்சு பிச்சு, சிச்சென் இட்சா, கொலோசியம், தாஜ் மஹால். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். அறிஞர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்த பட்டியல் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது ஓட்டெடுப்பு. பெர்னார்ட் வெபர் என்ற சுவிஸ்-கனடியர் தொடங்கிய தனியார் அமைப்பு நடத்தியது. 2007 ஜூலை 7 அன்று லிஸ்பனில் ஒரு கால்பந்து மைதானத்தில் முடிவை அறிவித்தார்கள். பத்து கோடி ஓட்டு விழுந்தது என்றார்கள். ஒரே ஆள் போனில் திரும்பத் திரும்ப ஓட்டுப் போடலாம், தடுக்க வழி இல்லை. முடிவு வருவதற்கு முன்பே, ஜூன் 20 அன்று, யுனெஸ்கோ தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இணைய வசதி உள்ளவர்களின் விருப்பத்தை மட்டுமே இது காட்டும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது.

சரி, நாம் ஓட்டை விட்டுவிட்டுக் காரணம் சொல்லிப் பேசுவோம். என் அளவுகோல் ஒன்றுதான்: கட்டியவர்களின் கையில் இருந்த கருவியையும் அறிவையும் வைத்துப் பார்த்தால் அந்த வேலை முடிந்திருக்கவே கூடாது என்று தோன்ற வேண்டும். அப்படிப் பார்த்தால் கிறிஸ்து சிலையும் கொலோசியமும் வெளியே. கம்போடியாவின் அங்கோர் வாட்டும் இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவும் உள்ளே. மற்ற ஐந்தையும் தொட மாட்டேன்.

உங்கள் ஏழு எது, ஏன்?

செம்மண் எழுதியது:

கிறிஸ்து சிலையை எடுப்பதற்கு என் முழு ஆதரவு. 1931இல் திறந்த சிலை அது. பிரேசிலில் 2007 ஓட்டெடுப்பின்போது ஊரே திரண்டு பிரசாரம் செய்தது. அந்த வேகத்தில் உள்ளே வந்துவிட்டது, அங்கோர் வாட் வெளியே நின்றுவிட்டது. கம்போடியாவில் அந்த வருடம் எத்தனை பேர் வீட்டில் இணைய இணைப்பு இருந்திருக்கும்?

கல்வெட்டுக்காரி எழுதியது:

2007 பட்டியலைத் திட்டுவதற்கு முன்னால் பண்டைய உலகின் பழைய ஏழு அதிசயங்களையும் கொஞ்சம் பாருங்கள். அதுவும் ஓர் ஊர்க்காரர்களின் பார்வைதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் சிடோன் ஊர் ஆன்டிபேட்டர் ஒரு கிரேக்கப் பாட்டில் ஏழையும் வரிசைப்படுத்துகிறார். அவர் சொன்ன ஏழில் அலெக்சாண்டிரியா கலங்கரை விளக்கம் கிடையாது, அந்த இடத்தில் பாபிலோனின் மதில் இருக்கிறது. கலங்கரை விளக்கம் பிறகு வந்து சேர்ந்தது. ஏழும் கிரேக்கர்கள் போய்வந்த வட்டாரத்துக்குள்ளேயே அடங்கும். சாஞ்சி தூபி அந்தக் காலத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவர்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஏழில் ஒன்றான பாபிலோனின் தொங்கும் தோட்டத்தின் கதை இன்னும் விசித்திரம். பாபிலோன் மன்னன் இரண்டாம் நெபுகத்நேசர் தான் கட்டிய மதில், அரண்மனை, கோயில் எல்லாவற்றையும் செங்கல்லில் எழுத்து எழுத்தாகப் பதித்து வைத்தவர். தோட்டத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஸ்டெஃபனி டாலி என்ற ஆய்வாளர் அந்தத் தோட்டம் பாபிலோனில் இல்லை, வடக்கே நினிவேயில் அசீரிய மன்னன் செனாக்கெரிப் போட்டது என்று வாதிடுகிறார். ஜெர்வான் என்ற இடத்தில் அவன் கட்டிய கல் நீர்ப்பாலம் இன்றும் மிச்சம் இருக்கிறது. மலைநீரை நினிவே பக்கம் கொண்டுவந்த கால்வாயின் ஒரு பகுதி அது.

ரோட்ஸ் தீவின் பெருஞ்சிலை ஐம்பது வருடம் சொச்சம்தான் நின்றது. கி.மு. 226 நிலநடுக்கத்தில் முட்டி ஒடிந்து விழுந்தது. ஏழில் இன்று நிற்பது கிசாவின் பிரமிடு ஒன்றே.

அதனால் என் கேள்வி இது: நாம் போடுகிற பட்டியல் யாருடைய வட்டாரத்தைக் காட்டப் போகிறது? அதை யோசித்துவிட்டுத் தொடர்வோம்.

நீர்வழி எழுதியது:

நான் குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்க்கிறவன். என் கண் எப்போதும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்றுதான் தேடும். அதை வைத்துச் சொல்கிறேன், மச்சு பிச்சுவும் பெட்ராவும் இந்தப் பட்டியலின் முதல் இரண்டு இடத்துக்கு உரியவை. ஆனால் சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிற காரணத்துக்காக இல்லை.

பெரு நாட்டில் இன்கா மக்கள் கட்டிய மச்சு பிச்சு சுமார் 2,430 மீட்டர் உயரத்தில், நிலநடுக்கப் பிளவுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற ஒரு மலைமுதுகில் இருக்கிறது. வருடத்துக்கு 2,000 மி.மீ.க்குக் கிட்ட மழை. அந்தச் சரிவில் சும்மா ஒரு சுவர் எழுப்பினால் சில மழைக்காலத்தில் மண்ணோடு சறுக்கிப் போய்விடும். கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீரியல் பொறியாளரின் குழு அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தது. கட்டுமான உழைப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் தரைக்கு அடியில் போயிருக்கிறது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். படிக்கட்டு வயல்கள் என்று நாம் பார்க்கிறோமே, அவை பயிருக்கு மட்டும் போட்டவை இல்லை. அடியில் பெரிய கல், அதன் மேல் சரளை, அதன் மேல் மணல் கலந்த மண், மேலே வளமான மண். மழைநீர் மேலே தேங்காமல் மெதுவாக இறங்கி வடிந்துவிடும். நடுவே இருக்கிற பெரிய முற்றத்தின் அடியிலும் கல் வெட்டும்போது உதிர்ந்த சில்லுகளைக் கொட்டி வடிகால் அடுக்கு செய்திருக்கிறார்கள். சுவர்களில் நூற்றுக்கும் மேல் வடிகால் துளைகள்.

குடிநீருக்கு மலையில் ஒரு ஊற்று. அங்கிருந்து சுமார் 750 மீட்டர் நீளக் கல்வாய்க்கால். சரிவு ஏறக்குறைய சீராக இருக்கிறது, தண்ணீர் கரை புரளவும் இல்லை, தேங்கவும் இல்லை. அது 16 நீரூற்றுத் தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்குகிறது. முதல் தொட்டி மன்னனின் இருப்பிடத்தை ஒட்டி இருக்கிறது, கலங்காத தண்ணீர் அவருக்குத்தான் முதலில்! இரும்பு இல்லை, சக்கர வண்டி இல்லை, எழுத்து கூட இல்லை. கணக்கை எதில் போட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

பெட்ராவுக்கு வேலை நிமித்தம் ஜோர்டானில் இருந்தபோது போயிருக்கிறேன். அங்கே பிரச்சினை நேர் எதிர். மழை மிகக் குறைவு, ஆனால் பெய்தால் ஒரே நாளில் காட்டு வெள்ளம். அந்த ஊரைக் கட்டிய நபத்தேயர்கள் இரண்டையும் சமாளித்தார்கள். சிக் என்ற குறுகலான பாறை இடுக்கு சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம், அதுதான் ஊருக்கு வாசல். அதன் வாயில் அணை கட்டி, பக்கத்து மலையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பிவிட்டார்கள். இடுக்கின் ஒரு பக்கச் சுவரில் திறந்த வாய்க்கால், மறு பக்கம் சுட்ட மண் குழாய். மூசா ஊற்றுத் தண்ணீர் அப்படித்தான் ஊருக்குள் வந்தது.

இதைக் கேளுங்கள். அந்த அணை காலப்போக்கில் அழிந்துபோனது. 1963இல் ஒரு திடீர் வெள்ளம் சிக் வழியாகப் பாய்ந்து 20க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இறந்தார்கள். அப்புறம் அரசு அணை கட்டியது, நபத்தேயர்கள் கட்டியிருந்த அதே இடத்துக்கு அருகில். இரண்டாயிரம் வருடம் முன்னால் ஒருவர் தேர்ந்தெடுத்த இடத்தை நவீனப் பொறியாளர்களும் தேர்ந்தெடுத்தார்கள். கருவூலம் என்று சொல்கிற பாறைக் கட்டடத்தின் முகப்பு அழகுதான், 40 மீட்டருக்கு நெருங்கிய உயரம், மேலிருந்து கீழே செதுக்கியது. ஆனால் எனக்கு அதிசயம் அந்த வாய்க்கால்.

மலைமுகடு எழுதியது:

நீர்வழி அண்ணா, இந்த மாதிரிப் பதிவுக்காகத்தான் இழையைத் தொடங்கினேன். மச்சு பிச்சுவின் அடிமண்ணை இதுவரை யாரும் எனக்கு இப்படி விளக்கியதில்லை.

உங்கள் கண்ணோட்டத்தில் கொலோசியம் எப்படி? அதையும் ஏரியின் மேல்தான் கட்டினார்கள் என்று படித்தேன்.

நீர்வழி எழுதியது:

ஆமாம். நீரோ மன்னன் தன் மாளிகைக்கு வெட்டிய செயற்கை ஏரியை வடித்துவிட்டு, அந்தக் குழியில் 12 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்குக் கான்கிரீட் அடித்தளம் போட்டார்கள். மேலே 80 வளைவு வாசல். அதில் 76க்கு எண் போட்டிருந்தது, சிலவற்றில் எண் இன்றும் தெரியும். பத்து வருடத்துக்குள் முடித்த வேலை. கட்டுமான ஒழுங்கு என்ற வகையில் அதற்கு மதிப்பெண் குறைக்க முடியாது தம்பி.

கல்வெட்டுக்காரி எழுதியது:

நான் குறைப்பேன். அந்த இடத்தில் பிற்காலத்தில் மறுபடி பயன்படுத்திய ஒரு கல் கிடைத்தது. அதன் மேல் 5ஆம் நூற்றாண்டு எழுத்து. அதற்கு அடியில் பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய துளைகள் மட்டும் மிச்சம். கேசா அல்ஃபோல்டி என்ற கல்வெட்டறிஞர் அந்தத் துளைகளை வைத்தே பழைய வாசகத்தை மீட்டெடுத்தார். போர்க் கொள்ளைப் பணத்தில் இந்த அரங்கம் கட்டப்பட்டது என்று அது சொல்கிறது. கி.பி. 70இல் ஜெருசலேமை அழித்து எடுத்துவந்த செல்வம் என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அப்படிக் கட்டிய இடத்தில் மனிதர்களை மிருகங்களுக்கு விட்டு ஐம்பதாயிரம் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரு கட்டடத்தைப் போற்றும்போது அது எதற்காக எழும்பியது என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாதா? நான் வகுப்பில் பிள்ளைகளிடம் இதைக் கேட்பேன். பதில் சொல்ல அவர்கள் தயங்குவதே இல்லை.

தனிமரம் எழுதியது:

கட்டடக்கலை படித்தவன் என்ற முறையில் இரண்டு பேருக்கும் பதில்.

அக்கா, நோக்கத்தை வைத்து வடிகட்டினால் நம் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பிரமிடு ஒரு தனி மனிதனின் கல்லறை. தாஜும் கல்லறை. பெருஞ்சுவர் வேலையில் இறந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனாலும் நீங்கள் சொல்வதன் உயிர் எனக்குப் புரிகிறது. ரோமுக்கு ஓர் இடம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொலோசியத்தை விட்டுவிட்டுப் பாந்தியன் என்ற பழைய கோயிலுக்குக் கொடுங்கள். பேரரசன் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடிந்தது. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர். கம்பி வைக்காத கான்கிரீட் குவிமாடத்தில் இன்றுவரை உலகத்திலேயே அதுதான் பெரியது. கீழே கனமான கல் கலந்த கான்கிரீட், மேலே போகப் போக எடை குறைந்த எரிமலைக் கல், உச்சியில் கல்லே இல்லாமல் திறந்த வட்டம். 609இல் தேவாலயமானது, அதிலிருந்து இன்றுவரை பயன்பாட்டில் இருக்கிறது. அது 2007 இறுதிச் சுற்றுக்கு வந்த 21 இடங்களில் கூட இல்லை. நொய்ஷ்வான்ஸ்டைன் இருந்தது! 19ஆம் நூற்றாண்டில் ஒரு பவேரிய மன்னன் இடைக்காலக் கோட்டை மாதிரி ஆசைக்குக் கட்டிக்கொண்ட மாளிகை அது.

அடுத்து கிறிஸ்து சிலை. இங்கே எல்லோரும் ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள், எனக்கு வருத்தம். 700 மீட்டருக்கு மேல் உயரமுள்ள செங்குத்தான கொர்கொவாடோ சிகரம். மேலே நிற்க இடமே குறைவு. அங்கே 30 மீட்டர் சிலை, விரித்த கைகள் 28 மீட்டர். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் கைகள் வாங்கும், கீழே தாங்க ஒரு தூண் கிடையாது. 1920களில் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் இன்னும் இளமையான தொழில்நுட்பம். ஹெய்ட்டர் டா சில்வா கோஸ்டா என்ற பிரேசில் பொறியாளர் அதை நம்பி இறங்கினார். வடிவம் பால் லாண்டோவ்ஸ்கி என்ற பிரெஞ்சுச் சிற்பி கொடுத்தது. கான்கிரீட்டின் சாம்பல் நிறம் வெளியே தெரியக் கூடாது என்று மாக்கல்லைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி மேலெல்லாம் ஒட்டினார்கள். ரியோவின் பெண்கள் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைத் துணியில் ஒட்டிக் கொடுத்தார்கள். சிலர் பின்புறத்தில் தங்கள் வீட்டார் பெயரை எழுதி வைத்தார்கள். அந்தப் பெயர்கள் இப்போதும் சிலையின் தோலுக்கு உள்ளே இருக்கின்றன.

வயது குறைவு என்பதற்காகத் தள்ளுவது நியாயம் இல்லை. பாந்தியனும் ஒரு நாள் புதுக் கட்டடமாகத்தான் இருந்தது.

செம்மண் எழுதியது:

தனிமரம் அண்ணா, அந்தப் பெண்கள் விஷயம் தெரியாது. சிலையை இனி வேறு கண்ணோடு பார்ப்பேன். ஆனாலும் ஏழில் ஒன்றா என்றால் இல்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஒரு வருடம் சொச்சத்தில் எழுப்பிவிட்டார்கள். கான்கிரீட், இரும்பு, மின்தூக்கி எல்லாம் வந்துவிட்ட யுகம்.

என் ஓட்டு ஈஸ்டர் தீவுக்கு. பசிபிக் நடுவே தன்னந்தனித் தீவு. 900க்கும் மேற்பட்ட சிலைகள். இவ்வளவு பெரிய கல்லை எப்படி நகர்த்தினார்கள் என்று யாரைக் கேட்டாலும் மரத்தை வெட்டி உருட்டினார்கள், காடே அழிந்தது என்பார்கள். தீவு மக்கள் மட்டும் சிலைகள் நடந்து போயின என்றே சொல்லிவந்தார்கள். டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை அப்படியே சோதித்தார்கள். நான்கு டன்னுக்கும் மேல் எடையுள்ள நகல் சிலை, 18 பேர், மூன்று கயிறு. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் சிலை ஆடி ஆடி முன்னேறுகிறது, நாம் வீட்டில் இரும்பு பீரோவைக் கால் மாற்றி நகர்த்துகிற மாதிரி. வழியில் விழுந்து கிடக்கிற சிலைகளின் அடிப்பாகம் முன்பக்கம் சாய்வாக இருப்பதும் அதற்குப் பொருந்துகிறது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை, சரி. ஆனால் அந்த மக்கள் சொன்னதை யாரும் காது கொடுத்துக் கேட்காமல் இருந்தது எனக்குக் கோபமாக வருகிறது.

புதுவரவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம், முதல் பதிவு. நம் தஞ்சைப் பெரிய கோயில் ஏன் எந்தப் பட்டியலிலும் இல்லை? நிழல் தரையில் விழாத கோபுரம், 80 டன் ஒரே கல் உச்சியில். இதைவிட என்ன வேண்டும்?

கல்வெட்டுக்காரி எழுதியது:

வாங்க. நிழல் விழும், காலையிலும் மாலையிலும் போய் நின்று பாருங்கள். உச்சிக்கல் ஒரே கல்லும் இல்லை, பல துண்டுகளைப் பொருத்தியது. இந்த இரண்டையும் சொல்லிச் சொல்லியே அந்தக் கோயிலின் நிஜப் பெருமை பின்னால் போய்விட்டது.

அங்கோர் வாட்டை யார் கட்டினார் என்று கேட்டால் இரண்டாம் சூரியவர்மன் என்பார்கள். வேலை செய்த தச்சன் பெயர் தெரியாது. பெட்ராவின் கருவூலத்தைச் செதுக்கிய கைகளின் பெயரும் தெரியாது. 1010இல் முடிந்த பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று தலைமைத் தச்சனின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பது வரை இருக்கிறது. கருங்கல்லில் அறுபது மீட்டரைத் தாண்டிய விமானம் ஒரு பக்கம், அந்தப் பெயர்ப் பட்டியல் ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து எடை போட்டால் அது எந்த உலகப் பட்டியலிலும் நிற்கும்.

நெறியாளர்:

பெரிய கோயிலுக்குத் தனி இழை இருக்கிறது, விரிவாகப் பேச அங்கே வாருங்கள். இங்கே உலகப் பட்டியல் தொடரட்டும்.

வடமராட்சியான் எழுதியது:

அப்ப நான் ஒன்று சொல்லலாமோ? இங்கே ஒருவரும் தொடாத ஒன்று. இலங்கை அநுராதபுரத்து ஜேதவனராமய தூபி.

பிரமிடுகளுக்கு அடுத்தபடி பழைய உலகத்தின் மிக உயரமான கட்டடம் எது என்று கேட்டால் அலெக்சாண்டிரியா கலங்கரை விளக்கம் என்றுதான் பலரும் சொல்லுவினம். மகாசேன மன்னன் தொடங்கின இந்தத் தூபி முதலில் 122 மீட்டர் இருந்தது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதைவிட உயரமாக இருந்தவை கிசாவின் இரண்டு பெரிய பிரமிடுகள் மட்டும்தான். பிரமிடு கல்லாலானது. இது முழுக்க முழுக்கச் செங்கல், சுமார் 9 கோடி 30 லட்சம் செங்கல். அத்தனை பாரத்தையும் அடியில் இருக்கிற செங்கல் தாங்க வேண்டும், அதற்காகப் பாறை வரைக்கும் தோண்டி அடித்தளம் போட்டிருக்கிறார்கள். இப்ப நிற்பது 71 மீட்டர். காடு மூடிக் கிடந்து, உச்சி இடிந்து, அப்படியும் மிஞ்சினது அவ்வளவு.

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நாங்கள் அதைச் சுற்றி ஓடியிருக்கிறோம், ஒருத்தரும் எங்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரவில்லை. எங்கட நாட்டில் அதை எந்த இனத்தின் சொத்து என்று வாதாடத்தான் பலருக்கு நேரம் இருந்தது. நான் யாழ்ப்பாணத்துத் தமிழன், அந்தச் செங்கலைப் பார்த்துப் பெருமைப்பட எனக்கு ஒரு தடையும் இல்லை.

நீர்வழி எழுதியது:

அண்ணை, அருமை. அந்த ஊரின் குளங்களையும் சேர்த்தே சொல்லுங்கள். செங்கல் சூளைக்கும் சோற்றுக்கும் தண்ணீர் அங்கிருந்துதானே வந்தது. கலா வெவ ஏரியிலிருந்து அநுராதபுரத்துக்கு வருகிற ஜய கங்கை என்ற கால்வாய், 5ஆம் நூற்றாண்டு வேலை, 80 கிலோமீட்டருக்கும் மேல். அதன் ஒரு பகுதியில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம் என்று அளந்திருக்கிறார்கள். இன்று கருவி வைத்து அந்தச் சரிவை அமைக்கச் சொன்னாலே எங்கள் ஆட்கள் யோசிப்பார்கள். அதுவும் இன்றுவரை ஓடுகிறது.

மலைமுகடு எழுதியது:

ஜேதவனராமய என் அளவுகோலுக்கு அப்படியே பொருந்துகிறது. என் கோபம் இப்போது கூடுகிறது, இவ்வளவு உயரமான ஒன்றை நம் பக்கத்துத் தீவில் வைத்துக்கொண்டு நானே பத்து வருடமாகக் கொலோசியம் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெருஞ்சுவரைப் பற்றி யாரும் எதிர்க்கவில்லையே, அது உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

தனிமரம் எழுதியது:

எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிலாவிலிருந்து தெரியும் என்ற கதைக்காக வேண்டாம். தெரியாது. சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய் 2003இல் பூமியைச் சுற்றிவிட்டு வந்து, சுவர் தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னார். நீளம் 21,196 கிலோமீட்டர் என்பது 2012இல் எல்லா அரச வம்சங்களின் சுவர்களையும் கூட்டிச் சொன்ன கணக்கு, ஒரே சுவர் இல்லை. எனக்குப் பிடித்தது மிங் வம்ச காலத்துச் சாந்து. சுண்ணாம்போடு பசையரிசிக் கஞ்சியைக் கலந்திருக்கிறார்கள். நம் ஊரில் கடுக்காயும் கருப்பட்டியும் போட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்த யோசனை உடனே பிடிபடும்.

தாஜைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாராவது காதல் கதை என்று தள்ளுவதற்கு முன். யமுனையின் ஈர மணலில் அவ்வளவு சலவைக்கல்லை நிறுத்த, கிணறு கிணறாகத் தோண்டி உள்ளே கல்லும் சாந்தும் நிரப்பி அதன் மேல் மேடை எழுப்பினார்கள். நான்கு மினார்களும் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தவை. நுழைவாயிலைச் சுற்றியுள்ள எழுத்துகள் மேலே போகப் போகப் பெரிதாகின்றன, கீழே நிற்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரியும். அமானத் கான் என்ற எழுத்துக் கலைஞர் அங்கே கையெழுத்தும் போட்டிருக்கிறார், அக்காவுக்குப் பிடிக்கும்.

செம்மண் எழுதியது:

ஹாகியா சோஃபியாவா, பாந்தியனா? இரண்டும் குவிமாடம்தானே. ஒன்றுக்குத்தான் இடம்.

தனிமரம் எழுதியது:

கடினமான கேள்வி. பாந்தியனில் வட்டச் சுவர் மேல் வட்டக் குவிமாடம், பாரம் சுற்றிலும் சமமாக இறங்கும். ஹாகியா சோஃபியாவில் சதுரத்தின் மேல் வட்டத்தை உட்கார வைத்தார்கள். நான்கு மூலையிலும் வளைந்த முக்கோணங்கள் எழும்பி, அவற்றின் மேல் சுமார் 31 மீட்டர் குவிமாடம். அடியில் 40 சன்னல், வெளிச்சம் உள்ளே வரும்போது கூரை தனியாக நிற்பது போல இருக்கும். 532இல் தொடங்கி 537இல் முடித்துவிட்டார்கள். அந்த அவசரத்துக்கு விலையும் கொடுத்தார்கள், 558இல் குவிமாடம் இடிந்தது. இளைய இசிடோர் என்ற கட்டடக் கலைஞர் அதைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினார், பக்கவாட்டுத் தள்ளல் குறைந்தது. பிறகும் இரண்டு முறை ஒரு பகுதி இடிந்து கட்டினார்கள். ஒட்டோமான் காலத்தில் சினான் என்ற கட்டடக் கலைஞர் முட்டுச் சுவர் கொடுத்தார்.

விழாமல் நின்ற பாந்தியனா, விழுந்து விழுந்து எழுந்த ஹாகியா சோஃபியாவா என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன். அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் ஆயிரம் வருடம் கழித்து இஸ்தான்புல் மசூதிகள் எழும்பின. கட்டடம் கட்டுகிறவர்களுக்குப் பாடமாக இருந்தது அதுவே.

கல்வெட்டுக்காரி எழுதியது:

அங்கோர் வாட்டுக்கு வருவோம். 65 மீட்டர் நடுக்கோபுரம், பாற்கடல் கடைகிற காட்சி மட்டும் சுமார் 49 மீட்டர் நீளச் சுவரில். எல்லாம் சரி. ஆனால் ஜாவாவின் பௌத்தக் கோயில் பொரோபுதூரை ஏன் யாரும் சொல்லவில்லை? அங்கோர் வாட்டைவிட முந்நூறு வருடம் மூத்தது. 504 புத்தர் சிலை, 2,672 புடைப்புச் சிற்பப் பலகை. கீழிருந்து சுற்றிச் சுற்றி ஏறும்போது கதைகளைப் படித்துக்கொண்டே போகலாம். உச்சிக்குப் போனால் கதை நின்றுவிடும், 72 சிறு தூபிகளும் வானமும்தான். கட்டடத்தையே ஒரு நூலாக எழுதியவர்கள் அவர்கள்.

நீர்வழி எழுதியது:

டீச்சர், பொரோபுதூரை எது கொல்லப் பார்த்தது தெரியுமா? தண்ணீர்தான். இயற்கை மேட்டின் மேல் கல்லை அடுக்கியது அது. மழைநீர் கல் இடுக்கு வழியே உள்ளே இறங்கி மண்ணை ஊறவைத்தது, சுவர்கள் சாய்ந்தன. 1975இலிருந்து 1982 வரை யுனெஸ்கோ உதவியோடு கீழ்ச் சதுர மேடைகளைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் கற்கள். உள்ளே வடிகால் போட்டு, ஒவ்வொரு கல்லையும் பழைய இடத்திலேயே வைத்தார்கள்.

அங்கோர் வாட்டில் இதற்கு நேர்மாறு. 190 மீட்டர் அகல அகழி அழகுக்கு மட்டும் இல்லை. கோயில் மணல் மேல் நிற்கிறது, அந்த மணல் ஈரமாக இருக்கிற வரைக்கும்தான் பாரம் தாங்கும். அகழியும் சுற்றியுள்ள பெரிய ஏரிகளும் நிலத்தடி நீர்மட்டத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேற்குப் பாராய் என்ற ஏரி ஒன்றே 8 கிலோமீட்டர் நீளம். 2012இல் ஹெலிகாப்டரிலிருந்து லைடார் என்ற லேசர் கதிர் வைத்து அளந்தபோது காட்டுக்கு அடியில் தெருவும் வாய்க்காலும் குளமுமாக ஒரு நகரமே தெரிந்தது. பக்கத்து சியெம் ரீப் நகரம் வளர்ந்து ஹோட்டல்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சியபோது நிபுணர்கள் பதறியதற்குக் காரணம் இதுதான். கோயிலை ஒருவரும் தொடவில்லை, ஆனாலும் ஆபத்து.

மலைமுகடு எழுதியது:

சரி, என் கணக்கு மாறிவிட்டது. பெட்ரா, மச்சு பிச்சு, பெருஞ்சுவர், தாஜ், அங்கோர் வாட் ஐந்தும் நிற்கட்டும். ஹாகியா சோஃபியா ஆறு. ஏழாவது இடத்துக்கு ஜேதவனராமய, பொரோபுதூர், ஈஸ்டர் தீவு மூன்றும் மோதுகின்றன. சிச்சென் இட்சாவை இதற்காக வெளியே எடுத்தேன். அதைக் கட்டிய மாயர்களை இறக்குகிறேனோ என்று உறுத்துகிறது, யாராவது அதற்கு வாதாடுங்கள்.

செம்மண் எழுதியது:

மாயர்களுக்கு ஓர் இடம் இல்லாத பட்டியலை நான் ஏற்க மாட்டேன். சிச்சென் இட்சாவின் எல் காஸ்டியோ பிரமிடில் நான்கு பக்கமும் 91 படி, மேலே ஒன்று, மொத்தம் 365. பகலும் இரவும் சமமாகிற நாட்களில் மாலை வெயில் படிக்கட்டு ஓரத்தில் விழுந்து பாம்பு இறங்குவது போலத் தெரியும். உலோகக் கருவியும் பாரம் இழுக்க மாடும் இல்லாதவர்கள் ஒரு நாட்காட்டியையே மலையாக நிறுத்தினார்கள். அதற்குள்ளே பழைய பிரமிடு ஒன்று அப்படியே இருக்கிறது. வேண்டுமானால் குவாத்தமாலாவின் டிக்காலைப் போடுங்கள், அங்கே கோபுரங்கள் இன்னும் உயரம், இன்னும் பழசு. எடுக்க வேண்டும் என்றால் பெருஞ்சுவரை எடுங்கள். தனிமரம் அண்ணாவே அது ஒரே சுவர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வடமராட்சியான் எழுதியது:

பெருஞ்சுவரை எடுத்தால் இரண்டு இடம் கேட்க எனக்கு ஆசை. ஜேதவனராமயவும் பொரோபுதூரும். தம்பி மலைமுகடு, இனி உங்கட முடிவு. ஆனால் ஈஸ்டர் தீவை விடுகிறதெண்டால் செம்மண்ணுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேணும்.